துளியை உடைக்காத பம்பு

பொரித்து மீந்த எண்ணெயிலிருந்து வீட்டில் பயோடீசல் காய்ச்சுபவர்களுக்கு முதல் எதிரி தண்ணீர். எண்ணெயில் ஈரம் இருந்தால், வினையூக்கியாகச் சேர்க்கும் காரம் எண்ணெயையே சோப்பாக்கிவிடும். எரிபொருள் குறையும், துணைவிளைபொருளான கிளிசரினும் சரியாகப் பிரியாது. அதனால்தான் வினைக்கு முன்பே எண்ணெயைச் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றித் தண்ணீரையும் கசடையும் நீக்குகிறார்கள். 7.5 செ.மீ. ஆரமுள்ள கிண்ணம் நிமிடத்துக்கு 6,000 முறை சுழன்றால், அதன் சுவரில் புவியீர்ப்பைவிடச் சுமார் 3,000 மடங்கு விசை கிடைக்கும். இந்த எண்ணை மட்டும் பார்த்து இயந்திரம் வாங்கிவிட்டு, எண்ணெய் ஊட்டக் கையில் கிடைத்த பம்பைப் பொருத்துவது தவறு. சென்ட்ரிஃப்யூஜ் எதைப் பிரிக்க முடியும் என்பதைப் பம்பும் சேர்ந்தே முடிவுசெய்கிறது.

காரணம், ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851-இல் வெளியிட்ட விதியில் இருக்கிறது. ஒரு துளி விலகிச் செல்லும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 20 மைக்ரான் துளி 5 மைக்ரானாக உடைந்தால், பிரியும் வேகம் 16 மடங்கு குறையும். வேகமாகச் சுழலும் இறக்கையால் எண்ணெயைத் தள்ளும் சாதாரணத் தண்ணீர் மோட்டார் இப்படித்தான் துளிகளைச் சிதைக்கிறது. பழைய எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களும் சோப்பும் அந்த நுண்துளிகளைச் சூழ்ந்து, அவை மீண்டும் ஒன்றுசேராமல் தடுக்கின்றன. 3,000 மடங்கு விசைக்குக் காசு கொடுத்துவிட்டு, அதன் பயனை வாசலிலேயே இழக்கிறோம்.

மோட்டார் பம்பு மலிவாயிற்றே, வால்வைத் திருகி ஓட்டத்தைக் குறைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 1.5 லிட்டர் கொள்ளும் கிண்ணத்துக்கு மணிக்கு 60 லிட்டர் அனுப்பினால்தான் எண்ணெய்க்கு உள்ளே 90 விநாடி கிடைக்கும். மணிக்கு ஆயிரம் லிட்டருக்குமேல் தள்ளும் பம்பை அந்த அளவுக்கு அடக்கினால், எண்ணெய் பம்புக்குள்ளேயே திரும்பத் திரும்பக் கடையப்படும். பாதி மூடிய வால்வின் இடுக்கிலும் துளிகள் நசுங்கும். போதாக்குறைக்கு, எண்ணெய் சூடேறி இளகும்போது ஓட்டமும் மாறிவிடும்.

இதற்கு மாற்று, பற்சக்கரங்களால் எண்ணெயைத் தள்ளும் கியர் பம்பு. அதில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு எண்ணெய்தான் வெளியேறும்; வேகத்தைக் குறைத்தால் ஓட்டமும் அதே விகிதத்தில் குறையும். அதிலும் பல் இடுக்குகளில் துளிகள் உடையும், கசடு பட்டால் பற்கள் தேயும் என்ற மறுப்பு நியாயமானதே. ஆகவே அளவில் பெரியதை வாங்கி மெதுவாகச் சுழற்ற வேண்டும். உறிஞ்சு குழாயில் சல்லடையும், அடைப்பு ஏற்பட்டால் அழுத்தத்தை வெளியேற்ற ரிலீஃப் வால்வும் வேண்டும். எண்ணெயைப் பம்புக்கு முன்பே சுமார் 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால், 40 டிகிரியில் இருந்த பிசுக்குமை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அப்போது பம்பு எளிதாக இழுக்கும், துளிகளும் விரைவாகப் பிரியும். வினைக்குச் சேர்த்த மெத்தனால் நீங்காத பயோடீசலை மட்டும் இந்த அமைப்பில் ஓட்டக் கூடாது. மெத்தனாலின் தீப்பற்று நிலை 11 டிகிரிதான், மோட்டாரின் ஒரு பொறி போதும்.

சிறிய அளவில் காய்ச்சுபவர்களுக்கு உயரத்தில் வைத்த தொட்டியே பம்பைவிட மேல். மட்டம் இறங்க இறங்க ஓட்டம் குறையும் என்றாலும், துளி உடைவது மிகக் குறைவு. தொடர்ந்து ஓட்ட வேண்டியவர்கள் பம்பு வாங்கும்போது, மணிக்கு எத்தனை லிட்டர் தள்ளும் என்பதற்கு முன், எவ்வளவு மெதுவாக, எவ்வளவு சீராகத் தள்ளும் என்று கேட்க வேண்டும்.