கெடு தவறிய வக்கீலுக்குக் கேள்வி உண்டா?

நெய்வேலிச் சுரங்கத்திலே எந்திரம் ஓட்டும் தோழன் கடமையிலே கண்ணயர்ந்தால் என்ன ஆகும்? சார்ஜ் ஷீட் வரும், சஸ்பென்ஷன் வரும், விசாரணை வரும். உழைப்பவன் அசட்டைக்கு உடனே கணக்கு!

1957-இலே வெட்டத் தொடங்கிய அந்தச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த உழவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். கலெக்டர் சொன்ன விலை போதாது என்றால், 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி, விலை அறிவித்தபோது நேரில் இருந்தவன் 6 வாரத்துக்குள் மனுச் செய்தாக வேண்டியிருந்தது. காகிதத்தை வக்கீலிடம் கொடுத்தான். அவரோ கட்டையே அவிழ்க்கவில்லை. கெடு கடந்தது என்று வைத்துக்கொள்வோம். நிலமும் போயிற்று, நியாய விலையும் போயிற்று! வக்கீலுக்கு?

சட்டம் இல்லாமலில்லை. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 35-ஆவது பிரிவுப்படி, முறைகேடு செய்தவரைக் கண்டிக்கலாம். சில காலம் தொழில் செய்யாமல் தடுக்கலாம். பட்டியலிலிருந்தே பெயரை நீக்கலாம். அசட்டை முறைகேடாகுமா? சென்னை நகர அரசு வழக்கறிஞராயிருந்த குமாரவேலு மீதான தண்டனையை 1997-இலே நீக்கிய உச்சநீதிமன்றம், ஒரு கோடு கிழித்தது: வஞ்சகமற்ற கவனக்குறைவு முறைகேடாகாமல் போகலாம், கடும் அசட்டை முறைகேடேதான்!

அந்தக் கோட்டை யார் அளப்பது? ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் 3 பேர்; மூவரும் வழக்கறிஞர்கள்! பூசாரியின் பிழையைப் பூசாரிகளே விசாரிப்பதா? நுகர்வோர் மன்றத்தின் கதவையும் 2024 மே 14-இலே உச்சநீதிமன்றம் சாத்திவிட்டது. நட்டஈட்டுக்கு உரிமையியல் வழக்குத் தொடுக்கலாம். அதற்கும் இன்னொரு வக்கீல் வேண்டுமே!

வாதாடித் தோற்றவரைத் தண்டிக்கச் சொல்லவில்லை நாம். ஏழைக்காக அரசை எதிர்த்து நிற்கும் வழக்கறிஞருக்குக் கவசம் வேண்டும். ஆனால் கவசம் போருக்கு, தூங்குவதற்கல்ல! குழுவிலே பொதுமக்களில் ஒருவருக்கு இடம் கொடுங்கள் என்கிறோம்.

அதுவரை, தோழர்களே, இருக்கிற கதவைத் தட்டுங்கள். வக்கீலிடம் கொடுத்த காகிதங்களுக்கு நகலும், பணத்துக்கு ரசீதும் வைத்திருங்கள். தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஓராண்டுக்குள் முடிக்காவிட்டால், அந்தப் புகார் இந்திய பார் கவுன்சிலுக்குப் போக வேண்டும். 36-பி பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

கரி வெட்டுபவனுக்குக் கணக்கு உண்டென்றால், கறுப்பு அங்கிக்கும் கணக்கு உண்டு!