பெருக்கமரக் கொட்டைக்குள் ஒரு கள்ளச்சாவி

மன்னார் பள்ளிமுனைக்கு வருகிறவர்கள் பெருக்கமரத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கூத்து நடப்பதோ கொட்டைக்குள்ளே! வாங்கோ, எட்டிப் பார்ப்போம்.

1477இல் நட்டதாம், சுற்றளவு 19.5 மீற்றராம். அரபு வணிகர் ஒட்டகத் தீனிக்காகக் கொண்டுவந்தது என்பது ஊர்க்கதை. தமிழ்நாட்டில் இதையே ஆனைப்புளி என்பார்கள். பூனைமயிர் படர்ந்த ஓட்டை உடைத்தால் புளிப்பான வெள்ளை மா. அதைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்புகிறோம். ஐயோ, துப்பாதேங்கோ!

அந்தக் கொட்டை எண்ணெயில் கொஞ்சம் ஸ்டேர்குலிக் அமிலம் இருக்கிறது. நம் உடம்பிலே ஸ்டியரோயில்-கோஏ டெசற்றூரேஸ் என்றொரு நொதியம். பெயர்தான் வாய்க்குள் நுழையாது, வேலை அழகோ அழகு: 69 பாகைச் சூட்டில்தான் உருகும் ஸ்டியரிக் அமிலத்தைப் பிடித்து, 9ஆம் 10ஆம் காபன்களுக்கு நடுவே ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பைப் போடும். அவ்வளவுதான், அறைச்சூட்டிலேயே இளகியோடும் ஒலெயிக் அமிலம் தயார்! 2015இல் இந்த நொதியத்தின் வடிவம் துலங்கியபோது, கொழுப்பமிலம் நுழையும் சுரங்கம் சரியாக அந்த இடத்தில் வளைந்திருந்தது. ஸ்டேர்குலிக் அமிலத்திலும் குட்டி வளையமொன்று அதே 9இலும் 10இலும் உட்கார்ந்திருக்கிறது! கள்ளச்சாவி நுழைந்ததும் பூட்டு இறுகிவிடும்.

இந்தக் கூத்தின் சாயம் கண்ணுக்கே தெரியும். இதே வகை அமிலங்கள் உள்ள பருத்திக்கொட்டைத் தீனி தின்ற கோழியின் முட்டையைக் குளிரில் வைத்திருந்தால், வெள்ளைக்கரு ரோசா நிறமாகும்! இளக்கும் நொதியம் முடங்கியதால் மஞ்சட்கருவின் கொழுப்பு இறுகுகிறது. சுற்றியுள்ள சவ்வு தன்மை மாறி இரும்பைக் கசியவிடுகிறது. வெள்ளைக்கருப் புரதம் அந்த இரும்பைப் பற்றிக்கொண்டு சிவக்கிறது. எனக்கு இதைவிட அழகான சாட்சி வேண்டாம்.

பெருக்கமரத்தின் தாய்மண் ஆபிரிக்கா. இந்த நொதியத்தை ஆராய்ந்தவர்களில் முன்னணியில் நிற்கும் ஜேம்ஸ் ந்தாம்பியும் உகண்டாவில் பிறந்தவர்தான்! அமெரிக்காவின் விஸ்கொன்சினில் பணிபுரியும் அவரது குழு, நொதியம் இல்லாத சுண்டெலிகள் கொழுப்புத் தீனி தின்றும் மெலிந்தே இருந்ததை 2002இல் காட்டியது. ஆனால் அவற்றின் தோல் வரண்டது, மயிர் கொட்டியது. ஆகவே கொட்டையை அரைத்துக் குடித்து மெலியக் கிளம்பாதேங்கோ. ஆபிரிக்கக் கிராமங்களில் அதை வறுத்துத் தின்கிறார்கள்; சூடு பட்டால் அந்தக் குட்டி வளையங்கள் உடைந்து குறைந்துபோகும்.