சாலையா, தனித்தடமா?

போத்தனூரிலிருந்து ஆத்துப்பாலத்தில் நொய்யலைக் கடந்து உக்கடம் செல்லும் மிதிவண்டியோட்டி, பேருந்துகளோடும் சரக்குந்துகளோடும் சாலையைப் பகிர்ந்துகொள்கிறார். உக்கடம் பெரியகுளக் கரையிலோ மிதிவண்டிக்குத் தனித்தடம் உண்டு. இவற்றுள் எது ஏற்றது?

விடை, வேகத்தில் அடங்கியுள்ளது. ஊர்தியின் வேகம் இரு மடங்கானால் அதன் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். மோதலின் கடுமையும் பெருகும். ஆகவேதான் நெதர்லாந்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேக வரம்புள்ள தெருக்களில் மிதிவண்டிகள் பிற ஊர்திகளோடு கலந்து செல்கின்றன. விரைவு மிகுந்த சாலைகளில் தனித்தடம் அமைக்கப்படுகிறது. எனினும், அத்தடம் சாலையைச் சந்திக்கும் இடங்களில் கூடுதல் விழிப்பு வேண்டும்.

குளக்கரைத் தடம் உலாவுக்கு உதவும், பள்ளிவரை நீளாது. பதினோராம் வகுப்பில் அரசின் விலையில்லா மிதிவண்டி பெறும் மாணவருக்குத் தேவை, வீட்டு வாயில்முதல் பள்ளி வாயில்வரை அறுபடாத வழியே. அது அமையும்வரை, இடப்புறமே செல்லுதலும் திரும்புமுன் கைச்சைகை காட்டுதலும் சாலையில் அவருக்குத் துணையாகும்.