ஈடு கேட்காத பணம்

நம் மும்பைத் தமிழர் வீடுகளில் பிள்ளை சொந்தத் தொழில் என்று வாயெடுத்தால், "பணத்துக்கு எங்கேடா போவாய்?" என்றுதான் முதலில் கேட்போம். வங்கியோ ஈடு கேட்கும். மாட்டுங்காவில் பகடி வீட்டில் இருப்பவரும், தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் இருப்பவரும் எதை ஈடு வைப்பது?

ஈடு கேட்காமல் கம்பெனியில் பங்கு பெற்றுப் பணம் போட்டு, நஷ்டம் வந்தால் தாமும் சேர்ந்து இழப்பவர்களே துணிகர முதலீட்டாளர்கள். அவர்களில் ஒருவர், நம் பவாய் ஐ.ஐ.டி.யில் படித்த கன்வல் ரேக்கி.

1945இல் ராவல்பிண்டியில் பிறந்து கான்பூரில் வளர்ந்தவர். 1967இல் மின்பொறியியல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றார். 1982இல் நண்பர்களுடன் 'எக்ஸலன்' கம்பெனியைத் தொடங்கினார். அக்காலத்தில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் இன்னொரு கம்பெனியின் கம்ப்யூட்டரோடு எளிதில் பேசாது. மீட்டர் கேஜ் சரக்கை இறக்கி பிராட் கேஜ் வண்டியில் ஏற்றிய சிரமம், ரயில்வேயில் இருந்த என் போன்றோருக்குத் தெரியும். அந்த மாதிரிச் சிரமத்தைத் தீர்க்கும் இணைப்பு அட்டைகளைச் செய்தது எக்ஸலன். இந்தியர் நல்ல எஞ்சினியர். நிர்வாகம் செய்வாரா என்ற சந்தேகத்தையும் ரேக்கி தாண்ட வேண்டியிருந்தது. 1987இல் அவர் தலைமையிலேயே கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது. 1989இல் நோவெல் நிறுவனத்தோடு இணைந்தது.

தமக்குக் கிடைக்காத ஊக்கம் அடுத்தவர்க்குக் கிடைக்கட்டும் என்று, 1992இல் நண்பர்களோடு 'டை' அமைப்பைத் தொடங்கினார். பவாயில் தகவல் தொழில்நுட்பப் பள்ளி அமையப் பெருந்தொகை வழங்கினார். அங்கே ஒரு கட்டடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சென்னையிலிருந்து சென்ற கே.பி. சந்திரசேகர், 1994இல் 'எக்ஸோடஸ்' கம்பெனியைத் தொடங்கிப் பணமின்றித் தடுமாறியபோது முதலில் கைகொடுத்தவர்களில் ரேக்கியும் ஒருவர். 1998இல் பங்குச் சந்தைக்கு வந்து உச்சம் தொட்ட அந்தக் கம்பெனி, 2001இல் திவாலானது. ஆனால் சந்திரசேகர் தம் செல்வத்திலிருந்து அளித்த கொடையால், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு-கே.பி.சி. ஆராய்ச்சி மையம் உருவாயிற்று. கம்பெனி போயிற்று; கொடை நின்றது.

இது நமக்குப் புதிதல்ல. 1932இல் மாட்டுங்காவில் எஸ்.ஐ.இ.எஸ். கல்விச் சங்கத்தைத் தொடங்கிய நம் முன்னோர், யாரோ பெற்ற பிள்ளைகளை நம்பித்தானே பணம் போட்டார்கள்?

கோடிகள் நம்மிடம் இல்லை. செம்பூரில் நாலு ஓய்வூதியக்காரர்கள் சேர்ந்தால், தாராவிப் பிள்ளை ஒருவனின் டிப்ளமோ கட்டணத்தைக் கட்டிவிடலாம். ஈடு வேண்டாம், வட்டி வேண்டாம். தலையெடுத்தபின் இன்னொருவனைத் தூக்கிவிடட்டும், அது போதும்.