மகள் தெரிய வேண்டுமானால் வானத்தைக் குறையுங்கள்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் முன்னால் நிற்கும் தன் மகளின் படத்தை அனுப்பிக் கடலூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘நேரில் மஞ்சள் பாவாடையில் பளிச்சென்று இருந்தாள். படத்தில் தேட வேண்டியிருக்கிறது. பிரைட்னஸைக் கூட்டிப் பார்த்தும் சரிவரவில்லை. ஏன்?’

காலையில் எடுத்த படம். மேற்கே புல்வெளியில் நின்று கோயிலைப் பார்த்து எடுத்தால் சூரியன் எதிரே இருக்கும். கோயிலும் குழந்தையும் நிழலில் கிடக்க, வெளுத்த வானம்தான் கண்ணைப் பறிக்கிறது. ஓரத்தில் யாரோ ஒருவரின் சிவப்புத் தொப்பி வேறு. பிரைட்னஸைக் கூட்டினால் மகளோடு வானமும் ஏறுகிறது. அவள் நிலைமை மாறவில்லை.

ஏனென்றால், கண் வெளிச்சத்தைப் பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டே எடைபோடுகிறது. விழித்திரையில் ஒவ்வொரு செல்லும் தன்மேல் விழும் ஒளிக்கு ஏற்பக் குரல் கொடுக்கிறது. அதே நேரத்தில் அக்கம்பக்கத்துச் செல்களின் குரலை அமுக்கவும் செய்கிறது. இதற்குப் பக்கவாட்டு ஒடுக்கம் என்று பெயர். கணக்குப் போட்டுப் பார்த்தால் அழகு புரியும். ஒளி 100 விழும் செல்கள் வரிசையாக இருக்கின்றன. அதையொட்டி 50 விழும் செல்கள். ஒவ்வொன்றும் தன் இருபுறத்து அண்டைவீட்டாரிடமும் தன் ஒளியில் பத்தில் ஒரு பங்கைக் கழிக்கிறது என்று வையுங்கள். வெளிச்சப் பகுதியின் நடுவில் 80 மிஞ்சும். இருட்டின் நடுவில் 40. எல்லையில்? வெளிச்சப் பக்கம் 85, இருட்டுப் பக்கம் 35! இல்லாத ஒரு கோட்டைக் கண்ணே போட்டுவிடுகிறது.

1865-ல் எர்ன்ஸ்ட் மாக் இதை ஊகித்தார். ஹால்டன் கெஃபர் ஹார்ட்லைன் குதிரைலாட நண்டின் கண்ணில் நரம்பு நரம்பாக அளந்து காட்டி, 1967 நோபல் பரிசில் பங்கு பெற்றார். வரலாறு இவ்வளவு போதும்.

நம் வாசலில் இது தினமும் நடக்கிறது. சாணம் தெளித்த ஈரத்தரையில் கோலமாவு கண்ணைப் பறிக்கும். அதே மாவு வெள்ளை மொசைக்கில் காணாமல் போகும். மாவை அள்ளிக் கொட்டுவது பிரைட்னஸைக் கூட்டுவது. தரையைக் கருக்கவிடுவதுதான் உண்மையான எடிட்டிங். பண்டிகை நாளில் கோலத்தைச் சுற்றிக் காவி இழுப்பது படத்தின் ஓரங்களை இருட்டாக்கும் ‘விக்னெட்’. வெயில் ஏறித் தரை காய்ந்து வெளுத்தால் கோலமும் மங்குகிறது. மாவு குறையவில்லை, பின்னணி ஏறிவிட்டது.

எடிட்டிங் செயலியில் இருக்கும் ‘ஷார்ப்பன்’ செய்வதும் நண்டின் கணக்கைத்தான். படத்தின் மங்கலான நகல் ஒன்றை உண்டாக்கி, அசலிலிருந்து அது எங்கே வேறுபடுகிறதோ அங்கே அந்த வேறுபாட்டைப் பெரிதாக்குகிறது. அளவு மீறினால் கோபுரத்தைச் சுற்றி வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். கண் போடும் கோட்டின் மேல் இயந்திரமும் ஒரு கோடு போட்டதன் விளைவு அது.

ஒரே தட்டில் எல்லாம் சரியாகும் என்று விற்கப்படும் ஏஐ மங்கலாக்கிகளை நான் நம்புவதில்லை. முடி எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்பதை அவை ஊகிக்கின்றன. இந்தப் படத்தில் முயன்றேன். பின்னலில் சூடிய மல்லிகைச்சரத்தில் பாதி மங்கிப்போயிற்று. கோயிலும் கரைந்தது. கோயில் வேண்டாம் என்றால் மாமல்லபுரம் எதற்கு?

வாசகருக்கு: முதலில் வானத்தை மட்டும் தேர்ந்து வெளிச்சத்தைக் குறையுங்கள். தொப்பியின் சிவப்பை வெளுக்கவிடுங்கள், முடிந்தால் வெட்டியே விடுங்கள். முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் கடைசியில் போதும். பிறகு படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி, கண்ணை இடுக்கிப் பாருங்கள். மஞ்சள் பாவாடை முதலில் தெரிந்தால் அதற்கு மேல் எதையும் தொடாதீர்கள்.