முதுகெலும்பும் அமரும் நிலையும்: பீடி சுற்றுவோருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் ஒரு விளக்கம்

தென்காசி மாவட்டத்தின் ஊர்களில் பல்லாயிரம் பெண்களின் வருவாய் பீடி சுற்றுவதைச் சார்ந்துள்ளது. மடியில் சுளகை வைத்து, கால்களை நீட்டியோ சம்மணமிட்டோ தரையில் அமர்ந்து, தலையைக் குனிந்தபடி நாள் முழுவதும் செய்யும் வேலை இது. கழுத்து வலி, நடு முதுகு எரிச்சல், இடுப்பு வலி, காலுக்கு இறங்கும் குடைச்சல் ஆகியவற்றுக்காக அரசு மருத்துவமனைக்கு வருவோரில் இவர்கள் பலர். "ஓய்வெடுங்கள்" என்ற அறிவுரை இவர்களுக்குப் பயன்படுவதில்லை. கூலி எண்ணிக்கைக்குத் தரப்படுவதால், சுற்றாத நாளுக்குக் கூலி கிடையாது. எனவே, முதுகெலும்பு எவ்வாறு அமைந்துள்ளது, நெடுநேரம் அமரும்போது அதற்கு என்ன நேர்கிறது, வேலையைக் கைவிடாமலேயே எவற்றை மாற்றிக்கொள்ளலாம் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது. தையல், தறி, கணினி முதலிய வேலைகளில் அமர்ந்து உழைப்போருக்கும் இவ்விளக்கம் பொருந்தும்.

முதுகெலும்பின் அமைப்பு

முதுகெலும்பு ஒரே எலும்பன்று. பிறக்கும்போது 33 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 உள்ளன. அவற்றுக்குக் கீழே உள்ள 5 எலும்புகள் வளர்ச்சியின்போது ஒன்றிணைந்து திரிக எலும்பாகின்றன. கடைசியில் உள்ள சுமார் 4 சிறு எலும்புகள் இணைந்து வால் எலும்பாகின்றன.

கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே தவிர, அசையக்கூடிய முள்ளெலும்புகளுக்கு இடையே வட்டுகள் உள்ளன. மொத்தம் 23 வட்டுகள். மக்கள் "ஜவ்வு" என்றும் "டிஸ்க்" என்றும் குறிப்பிடுவது இவற்றையே. ஒவ்வொரு வட்டின் நடுவிலும் நீர் செறிந்த கூழ் போன்ற பகுதியும், அதைச் சுற்றி உறுதியான நார் வளையமும் உள்ளன.

முள்ளெலும்புகளின் பின்புறத் துளைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்து ஒரு குழாயாகின்றன. அதனுள் மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் பாதுகாப்பாக உள்ளது. வளர்ந்தவர்களில் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அளவில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் மட்டும் குதிரை வால் போலக் கொத்தாக இறங்குகின்றன. கால்களின் வலிமை, உணர்ச்சி, சிறுநீர் மற்றும் மலத்தை அடக்கும் திறன் ஆகியவை இந்நரம்புகளைப் பொறுத்தவை. இடுப்பு வட்டு பிதுங்கி இவற்றில் ஒன்றை அழுத்தும்போது, வலி பிட்டத்திலிருந்து கால் வரை மின்னல் போல இறங்குகிறது.

வளைவுகள் எதற்காக?

பக்கவாட்டில் நோக்கினால் முதுகெலும்பு நேர்க்கோடாக இருப்பதில்லை. கழுத்தும் இடுப்பும் முன்னோக்கி வளைந்துள்ளன. மார்புப் பகுதியும் திரிகமும் பின்னோக்கி வளைந்துள்ளன. பிறந்த குழந்தையின் முதுகு ஒரே கூனாக இருக்கும். குழந்தை தலை நிமிர்த்தத் தொடங்கும்போது கழுத்து வளைவும், எழுந்து நின்று நடக்கும்போது இடுப்பு வளைவும் உருவாகின்றன.

குற்றாலம் பேரருவியைக் கண்டவர்களுக்கு இதன் பயன் எளிதில் விளங்கும். மலையுச்சியிலிருந்து விழும் நீர் நேரே தரையில் மோதுவதில்லை. இடையிலுள்ள பொங்குமாங்கடல் என்னும் பாறைக்குழியில் விழுந்து, பொங்கி வழிந்து, வேகம் தணிந்த பின்னரே கீழே நிற்பவர்கள் மீது விழுகிறது. அதுபோலவே நாம் நடக்கும்போதும் சுமக்கும்போதும் ஏற்படும் அதிர்ச்சியை முதுகின் வளைவுகளும் வட்டுகளும் இடையிடையே தாங்கித் தணிக்கின்றன. வளைவு குலையும்போது அச்சுமை சில வட்டுகள் மீதும் தசைகள் மீதும் குவிகிறது.

வட்டுக்கு ஊட்டம் எவ்வாறு கிடைக்கிறது?

வளர்ந்தவர்களின் வட்டுக்குள் இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் இல்லை. அருகிலுள்ள எலும்பிலிருந்து ஊட்டச் சத்துகள் மெல்லக் கசிந்தே வட்டை அடைகின்றன. சுமை ஏறும்போது வட்டிலிருந்து நீர் வெளியேறுகிறது. சுமை இறங்கும்போது நீர் மீண்டும் உட்செல்கிறது. பகல் முழுவதும் நின்றும் அமர்ந்தும் இருந்த பின் மாலையில் நம் உயரம் 1 சென்டிமீட்டருக்கும் சற்று மிகுதியாகக் குறைந்திருப்பதும், இரவு படுத்து எழுந்ததும் அது திரும்பிவிடுவதும் இதனாலேயே.

1960களில் ஸ்வீடன் நாட்டு எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன், ஊசி வழியாக வட்டின் உள்ளழுத்தத்தை நேரடியாக அளந்தார். மல்லாந்து படுத்திருக்கும்போது அழுத்தம் மிகக் குறைவாகவும், அமர்ந்து முன்குனியும்போது நிற்பதைவிட மிகுதியாகவும் இருந்ததை அவ்வளவீடுகள் காட்டின.

இதிலிருந்து அறிய வேண்டியது ஒன்றே. நாள் முழுவதும் தாங்கக்கூடிய "சரியான நிலை" என்று எதுவும் இல்லை. விறைப்பாக நிமிர்ந்து அசையாமல் அமர்ந்தாலும் தசைகள் களைத்துவிடும். நிலையை அடிக்கடி மாற்றுவதே முதுகுக்கு நல்லது.

சுளகின் முன் அமரும்போது நிகழ்வது என்ன?

தரையில் கால் நீட்டி அமரும்போது தொடையின் பின்புறத் தசைகள் இழுபட்டு, இடுப்புக்கூட்டைப் பின்புறமாகச் சாய்க்கின்றன. இதனால் இடுப்பின் இயல்பான முன்வளைவு தட்டையாகி, வட்டுகளின் பின்பகுதி இழுபடுகிறது. மடியிலுள்ள சுளகைப் பார்க்கக் கழுத்து முன்னே தாழ்கிறது. தலையின் எடை சுமார் 5 கிலோ. அது உடலுக்கு நேர்மேலே இருக்கும்போது எலும்புகள் அதைத் தாங்குகின்றன. முன்னே தொங்கும்போது, பின்கழுத்துத் தசைகள் அதை இடைவிடாது இழுத்துப் பிடிக்க வேண்டியுள்ளது. தோள்பட்டைகளுக்கு இடையே மாலையில் தோன்றும் எரிச்சலுக்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

வேலையை நிறுத்தாமல் செய்யக்கூடிய மாற்றங்கள்

1. உயரமாக அமருங்கள். மடித்த கம்பளியையோ மரப்பலகையையோ இட்டு, தரையிலிருந்து நான்கு விரற்கடைக்குக் குறையாத உயரத்தில் அமரவும். முழங்காலைவிட இடுப்பு உயர்ந்திருந்தால் முதுகு வளைவு தானே திரும்பும்.

2. சுவரோடு சாய்ந்து அமருங்கள். துண்டைச் சுருட்டி இடுப்பின் பின்புறம், சேலைக் கட்டின் அளவில் வைக்கவும்.

3. சுளகை உயர்த்துங்கள். மடியில் தலையணையோ சிறு பெட்டியோ வைத்து அதன்மேல் சுளகை வைத்தால், கழுத்து தாழும் அளவு குறையும். வெளிச்சம் போதாவிடினும் கழுத்து குனியும். எனவே வாசல் அல்லது சன்னல் அருகே அமரவும்.

4. வேலைகளைக் கலந்து செய்யுங்கள். இலை வெட்டுதல் முழுவதையும் முடித்துவிட்டுப் பின் சுற்றுவதற்கு அமராமல், இரண்டையும் பகுதி பகுதியாகச் செய்யவும். மேசை இருப்பின் இலையை நின்றவாறு வெட்டலாம்.

5. ஐம்பது பீடிக்கு ஒருமுறை எழுங்கள். கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை, எண்ணிக்கையே நினைவூட்டும். எழுந்து நின்று, இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி, மெல்லப் பின்னால் ஐந்து முறை சாயவும். பின்னர் முகவாயை உட்புறமாக இழுத்துக் கழுத்தை நேராக்கி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தவும். இதற்கு ஒரு நிமிடம் போதும். நாளொன்றுக்கு ஆயிரம் பீடி சுற்றுபவருக்கு மொத்தம் இருபது நிமிடம் செலவாகும். கூலியில் பெரிய இழப்பின்றிச் செய்யக்கூடியது இது. பின்னால் சாயும்போது காலில் வலி இறங்கினால் அப்பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்டவும்.

6. தண்ணீர்க் குடத்தை எப்போதும் ஒரே இடுப்பில் சுமக்காதீர்கள். இயன்றால் சிறு குடங்களாகப் பிரித்து எடுக்கவும். தரையிலுள்ள சுமையைத் தூக்கும்போது முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு ஒட்டி எடுக்கவும்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். தண்ணீர் எடுத்தல், துணி துவைத்தல், மாவாட்டுதல் போன்ற பளுவான வேலைகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள். பகல் முழுவதும் குனிந்திருந்த முதுகு, மாலையிலும் குனிய வேண்டியிருப்பதே பல வீடுகளில் வலி ஆறாமைக்குக் காரணம்.

வலி வந்தால்

புதிதாக வரும் இடுப்பு வலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். கடும் வலி இருப்பின் ஓரிரு நாள் படுத்திருக்கலாம். அதற்கு மேல் படுக்கையிலேயே இருந்தால் தசைகள் வலுவிழந்து, குணமாவது தாமதமாகும். தாங்கும் அளவுக்கு நடமாடுவதே நல்லது. வெந்நீர் ஒத்தடம் இதம் தரும்.

எல்லா வலிக்கும் ஸ்கேன் தேவையில்லை. முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன் படங்களை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வுத் தொகுப்பின்படி, 20 வயதினரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கும், 80 வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் வட்டுப் புடைப்பு காணப்பட்டது. ஆகவே அறிக்கையில் "புடைப்பு", "தேய்மானம்" என்று இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். அறிகுறிகளோடு ஒப்பிட்டு மருத்துவர் சொல்லும் முடிவே முக்கியம்.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலிக்கு உடற்பயிற்சியையும் நோய் குறித்த கல்வியையும் உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டை அணிவதையும் எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமாக அளிக்க வேண்டாம் என்கிறது.

மருந்துக் கடையில் சொல்லி வாங்கும் வலி மாத்திரைகளை நாள்தோறும் உட்கொள்ளாதீர்கள். இரைப்பைப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் ஏற்படலாம். பெயர் தெரியாத பொடிகளிலும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருந்தால், வலி விரைவில் குறைந்தாலும் எலும்பு வலுவிழக்கும். முதுகில் ஏறி மிதிக்கச் செய்வதும், கழுத்தைத் திருகி நெட்டி முறிப்பதும் ஆபத்தானவை. முதியோருக்கும் நரம்பு அழுத்தம் உள்ளோருக்கும் இவற்றால் நிலைத்த ஊனம் நேரலாம்.

தாமதிக்காமல் மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் ஒன்று இருப்பின் அன்றே வரவும்:

• சிறுநீர் கழிக்க இயலாமை, அல்லது சிறுநீரோ மலமோ அறியாமல் வெளியேறுதல்
• ஆசனவாயைச் சுற்றியும் தொடைகளின் உட்புறத்திலும் மரத்துப்போதல்
• கால்கள் வலுவிழத்தல், செருப்பு நழுவுவது தெரியாமை, நடை தடுமாறுதல்
• விழுந்த பின் அல்லது விபத்துக்குப் பின் தோன்றிய வலி

முதல் இரண்டும் குதிரைவால் நரம்புக் கொத்து அழுத்தப்படுவதைக் குறிக்கலாம். உரிய அறுவை சிகிச்சையை 48 மணி நேரத்துக்குள் செய்தால் நரம்புகள் மீளும் வாய்ப்பு கூடுதல். கூச்சத்தால் இவற்றைச் சொல்லாமல் இருக்கும் பெண்கள் உண்டு. உடனிருப்போர் வெளிப்படையாகக் கேட்டறிய வேண்டும்.

மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவில் மிகும் முதுகு வலி ஆகியவை முதுகெலும்புக் காசநோயைக் குறிக்கலாம். இருமல் இல்லாமலும் இந்நோய் வரும். உரிய காலத்தில் கண்டறிந்தால் மருந்துகளால் குணப்படுத்தலாம்; அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். முதிய பெண்களிடம் உயரம் குறைதலும் கூன் விழுதலும் காணப்பட்டால், எலும்பு அடர்த்திக் குறைவால் முள்ளெலும்பு நொறுங்கியுள்ளதா என்று பரிசோதிக்க வேண்டும்.

குற்றாலத்தில் குளிக்கும்போது

சாரல் காலத்தில் அருவிக் குளியல் மனத்துக்கு இதமளிக்கும். எனினும் கழுத்து எலும்புத் தேய்மானம், கை மரத்துப்போதல், எலும்பு அடர்த்திக் குறைவு உள்ளோரும், அண்மையில் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டோரும் நீர் நேரடியாகத் தலையிலும் பிடரியிலும் அறையும் இடத்தில் நிற்க வேண்டாம். மற்றவர்களும் தோளில் நீர் விழுமாறு ஓரமாக நிற்பதே நல்லது. எண்ணெய் தேய்த்த பாதங்களோடு பாறையில் நடந்தால் வழுக்கும்.

ஒருவர் வழுக்கி விழுந்து, முதுகிலோ கழுத்திலோ வலி என்றாலும், கை கால் அசையவில்லை என்றாலும், அவரைக் கை கால் பிடித்துத் தூக்காதீர்கள். உட்கார வைக்கவும் வேண்டாம். தலையும் கழுத்தும் உடலும் ஒரே கோட்டில் இருக்குமாறு இரு கைகளால் தலையைப் பிடித்துக்கொண்டு 108ஐ அழைக்கவும். மூச்சுவிட முடியாத நிலை அல்லது நீரில் மூழ்கும் ஆபத்து இருந்தால் மட்டும், பலர் சேர்ந்து மரக்கட்டையைப் புரட்டுவது போல உடல் முழுவதையும் ஒருங்கே திருப்பி நகர்த்தவும். முறையின்றித் தூக்குவதால், எலும்பு முறிவோடு நின்றிருக்க வேண்டிய காயம் தண்டுவடத்தையும் பாதிக்கக்கூடும்.

உதவி பெறும் இடங்கள்

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். மேல்சிகிச்சை தேவைப்படுவோர் தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனைக்கும், அங்கிருந்து திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் பரிந்துரைக்கப்படுவர். நடமாட இயலாதோருக்கு 2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் இயன்முறை சிகிச்சை வீட்டிலேயே அளிக்கப்படுகிறது. மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

மருத்துவரிடம் வரும்போது நாள்தோறும் எத்தனை மணி நேரம், எவ்வாறு அமர்ந்து வேலை செய்கிறீர்கள் என்பதையும் கூறுங்கள். இயன்றால் நீங்கள் அமரும் முறையை அவர் முன் அமர்ந்து காட்டுங்கள். தங்கள் வேலைக்கு ஏற்ற பயிற்சியை அவர் வகுத்துத் தர அது உதவும்.