மும்பையில் பனி பொழியாது. குளிர் மட்டும் வருவது எப்படி?

மும்பை: இமயமலையில் கடும் பனிப்பொழிவு என்ற செய்தி வெளியான சில நாள்களில், ஆண்டாப் ஹில், மாட்டுங்கா, தாராவி, செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழர்கள் பெட்டிக்குள் கிடக்கும் கம்பளியைத் தேடத் தொடங்குகின்றனர். பனிப்பொழிவையே கண்டிராத இந்நகருக்கும் வடக்கின் பனிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அத்தொடர்பையும், மும்பையின் குளிர்காலத்தில் உண்மையில் அஞ்ச வேண்டியது எது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

1962-இல் பதிவான சாதனைக் குளிர்

மும்பையின் வானிலைப் பதிவுகளில் மிகக் குளிர்ந்த நாள் 1962 ஜனவரி 22. அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் குறைந்தபட்ச வெப்பநிலை 7.4 டிகிரி செல்சியஸாகவும், கொலாபாவில் 11.7 டிகிரியாகவும் பதிவானது. ஒரே நகரில், ஒரே நாளில் நான்கு டிகிரிக்கும் மேல் வேறுபாடு. கொலாபா மூன்று புறமும் கடல் சூழ்ந்த குறுகிய நிலம்; கடல்நீர் இரவிலும் எளிதில் குளிர்வதில்லை என்பதால் அங்கு குளிர் தணிந்திருக்கும். சாந்தாகுரூஸ் நிலப்பகுதியை ஒட்டியிருப்பதால் விரைவில் குளிர்கிறது. ஆண்டாப் ஹில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில், கிழக்கே உப்பளங்களை ஒட்டி அமைந்துள்ளது.

சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. இரண்டும் கடலோர நகரங்களே என்றாலும், வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று மும்பையை எளிதில் எட்டுகிறது. சென்னையை அடையும் முன்பே அது வலுவிழந்து விடுகிறது.

வடக்கின் பனிக்கும் மும்பைக்கும் என்ன தொடர்பு?

மத்தியதரைக் கடல் பகுதியில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகள் கிழக்கு நோக்கி நகர்ந்து, காஷ்மீர், இமாசலப் பிரதேசம், உத்தராகண்ட் மலைகளில் பனியைப் பொழிகின்றன. வானிலையாளர்கள் இவற்றை ‘மேற்கத்திய இடையூறு’ என்று அழைக்கின்றனர். இவை கடந்து சென்றதும் வானம் தெளிந்து, வடக்கு, வடமேற்குத் திசைகளிலிருந்து வறண்ட குளிர்காற்று ராஜஸ்தான், குஜராத் வழியாகத் தெற்கே இறங்குகிறது. அக்காற்று கொங்கணக் கரையை எட்டும் நாள்களில் மும்பையில் வெப்பநிலை சட்டெனச் சரிகிறது.

குளிர் வந்தும் பனி பொழியாதது ஏன்?

பனி பொழிவதற்கு மேகமும் உறைநிலைக் குளிரும் ஒருசேர வேண்டும். மும்பைக்கு மேகம் திரளும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் உறைநிலை தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். மேலே உருவாகும் பனித்துகள் மழைத்துளியாகக் கரைந்தே கீழே விழுகிறது. குளிர்காலத்திலோ வானம் பெரும்பாலும் மேகமற்று இருக்கும். குளிரும் உறைநிலையை நெருங்குவதில்லை. உதகமண்டலத்தில் புல்வெளி வெண்மையாவதும் பனிப்பொழிவு அன்று. தரையை ஒட்டிய ஈரம் இரவில் உறைவதால் உண்டாகும் உறைபனியே.

குளிர் அலை என்பது எது?

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரி அல்லது அதற்குக் கீழ் சென்று, இயல்பைவிட 4.5 டிகிரியேனும் குறைந்திருந்தால் அது குளிர் அலை. கடலோர நிலையங்களுக்கு 15 டிகிரியே வரம்பு. சாந்தாகுரூஸில் ஜனவரி மாத இயல்பு 17 டிகிரி அளவில் இருப்பதால், அங்கு 12.5 டிகிரியை ஒட்டி இறங்கினாலே அந்நிலை எட்டப்படும். டெல்லி மக்களுக்கு இது சாதாரணக் குளிர்; அதற்குப் பழகாத உடலுக்கும், அதற்கெனக் கட்டப்படாத வீட்டுக்கும் சாதாரணமன்று. தகரக் கூரை இரவில் வெப்பத்தை விரைவாக இழப்பதால் குடிசைப்பகுதி வீடுகள் விடியலில் மிகவும் குளிர்ந்துவிடுகின்றன.

குளிரைவிடப் பெரிய ஆபத்து

தமிழில் புல் நுனியில் படியும் துளியும் பனிதான், மார்கழி விடியலில் கண்ணை மறைப்பதும் பனிதான். அதனால் காலையில் கட்டடங்களை மூடி நிற்கும் வெண்திரையையும் பனி என்றே பலர் எண்ணுகின்றனர். மும்பையில் அது பெரும்பாலும் தூசியும் புகையுமே.

குளிர்ந்த இரவுகளில் தரையை ஒட்டிய காற்று மேலுள்ள காற்றைவிடக் குளிர்ந்து கனத்து, மேலெழாமல் தேங்கிவிடுகிறது. பகலில் நகரின் மாசைக் கலைக்கும் கடற்காற்றும் இப்பருவத்தில் தாமதமாகவும் வலுவின்றியும் வீசுகிறது. வாகனப் புகை, கட்டுமானத் தூசி, செம்பூர், மாகுல் பகுதி ஆலைகளின் வெளியேற்றம், குப்பை எரிக்கும் புகை அனைத்தும் மக்கள் சுவாசிக்கும் உயரத்திலேயே நிற்கின்றன.

2023 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் நகரின் காற்று மாசு குறித்துத் தாமாக முன்வந்து வழக்கை விசாரணைக்கு எடுத்தது. அதே மாதம் மாநகராட்சி வெளியிட்ட நெறிமுறைகள், 70 மீட்டருக்கும் அதிக உயரமான கட்டுமானங்களைச் சுற்றி 35 அடி உயரத் தகரத் தடுப்பு அமைக்கவும், தூசி எழாமல் நீர் தெளிக்கவும், திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தவிர்க்கவும் வலியுறுத்தின.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

மூடிய அறைக்குள் கரி அடுப்போ கணப்போ மூட்டி உறங்கக் கூடாது. அதிலிருந்து வெளியாகும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமோ நிறமோ இல்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. குளிர்காய்வதற்காகப் பிளாஸ்டிக், ரப்பர் போன்றவற்றை எரிப்பதால் தெருவில் அனைவரும் நச்சுப்புகையைச் சுவாசிக்க நேரிடும்.

குளிரில் இரத்த நாளங்கள் சுருங்கி இரத்த அழுத்தம் உயர்வதால், இதய நோயாளிகளும் முதியவர்களும் விடியற்கால நடைப்பயிற்சியை வெயில் ஏறிய பின்னர் வைத்துக்கொள்வது நல்லது. ஆஸ்துமா உள்ளவர்கள் புறப்படும் முன், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்க்கலாம். குறியீடு 200-ஐத் தாண்டினால் ‘மோசம்’, 300-ஐத் தாண்டினால் ‘மிக மோசம்’ என்று பொருள். அத்தகைய நாள்களில் வெளியே செல்வதைக் குறைத்து, தவிர்க்க இயலாதபோது என்-95 முகக்கவசம் அணிய வேண்டும்.